பெருங்களத்தூர் வண்டி

பெருங்களத்தூரைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இன்றைக்கு ஜி.எஸ்.டி. சாலையோரம் கண்ணாடிச் சுவர் வைத்த ஐ.டி. கட்டடங்கள் தெரிகின்றன. எனக்கு அந்தப் பக்கம் இன்னமும் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனிதான். மேற்குத் தாம்பரத்தில் வளர்ந்த எங்களுக்கு அம்பாசடர் கல்கத்தாவிலிருந்து வருவது, ஃபியட் பம்பாயிலிருந்து வருவது, ஹெரால்டு அடுத்த ஸ்டேஷனிலிருந்து வருவது. பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் சிவப்புப் பலகையில் தற்காலிக எண் எழுதிய புது வண்டிகள் சாலையில் ஓட்டம் பார்க்கப்படும். டிரைவர்கள் கம்பெனி யூனிஃபார்மில் இருப்பார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேரின் மாமாவோ சித்தப்பாவோ அங்கே வேலை பார்த்தார்கள். ஒரு வண்டி போனால் அதன் கதவை மாட்டியது யார் என்று சொல்லக்கூடிய பையன்கள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். அவர்கள் சொன்னதில் எவ்வளவு உண்மையோ, நாங்கள் முழுவதையும் நம்பினோம்.

சுதந்திரம் வந்த கையோடு, காவென்ட்ரியின் ஸ்டாண்டர்டு கம்பெனியும் மெட்ராஸ் யூனியன் கம்பெனியும் கைகோர்த்துத் தொடங்கிய தொழிற்சாலை அது. வேன்கார்டு, ஸ்டாண்டர்டு டென் என்று முதலில் சில வண்டிகள். 1961-ல் ஹெரால்டு. நாட்டில் கார் செய்ய அனுமதி பெற்ற பெரிய கம்பெனிகள் மூன்றே மூன்று. அதில் ஒன்று நம் ஊரில் இருந்தது. இதைச் சொல்லும்போது எனக்குள் இப்போதும் ஒரு நிமிர்வு வருகிறது.

என் முதல் ஆசை எங்கள் தெருக்கோடியில் இருந்த டாக்டரின் ஹெரால்டு. இரண்டு கதவு, இளநீலம், கூரை மட்டும் வெள்ளை. பின்புறம் மெல்லிய சிறகாக ஒடுங்கி முடியும். அந்த வடிவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கலோட்டி என்பது எனக்குத் தெரிய வந்தது மிகப் பிறகு. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எங்கள் குறுகலான தெருவில் அம்பாசடர் வந்தால் முன்னும் பின்னும் போய்த்தான் திரும்ப முடியும். டாக்டர் ஹெரால்டை ஒரே ஒடிப்பில் திருப்பிவிடுவார். 25 அடிக்குள் முழு வட்டம் போடும் வண்டி அது. முன்சக்கரம் இரண்டும் ஏறக்குறைய குறுக்காகவே திரும்பி நிற்கும். அதைப் பார்ப்பதற்காகவே சாயங்காலம் அவர் கிளினிக்கிலிருந்து வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்பேன்.

நான் கல்லூரியில் இருந்தபோது டாக்டர் மகனோடு வெளியூர் போனார். வண்டியை யாருக்கோ கொடுத்துவிட்டார். விலை என்ன என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டார்கள். அது அப்பாவின் பல மாதச் சம்பளம். அப்பா ரயில்வேயில் இருந்தார். கார் வாங்குவது பற்றி அவர் வாழ்நாளில் யோசித்ததில்லை, யோசிக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இருந்ததில்லை. ஆசை என்னுடையது மட்டும்.

யோசித்தவர் பெரியப்பா. ஃபியட்டுக்குப் பணம் கட்டி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் ஃபியட் என்றால் வருஷக்கணக்கில் வரிசை. பணம் கட்டிய ரசீதைச் சுவாமி அறையில் வைத்திருந்தார்கள். வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என்ன நிறம் எடுக்கலாம் என்ற பேச்சு நடக்கும். பெரியம்மாவுக்கு வெள்ளை, பெரியப்பாவுக்குக் கரும்பச்சை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற கியரை எப்படிப் போடுவது என்று பெரியப்பா காற்றில் கையை மேலும் கீழும் அசைத்துக் காட்டுவார். முறை வந்து கடிதம் வந்த வருஷம் அக்காவின் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அந்தச் சீட்டுக்கு வெளியே அதிக விலை கொடுக்க ஆள் காத்திருந்தார்கள். பெரியப்பா கொடுத்துவிட்டார். கல்யாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்தது ஒரு வாடகை ஃபியட்டில். பெரியப்பா அதன் பானெட்டில் கை வைத்தபடி நின்று அந்த டிரைவரிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை அன்றைக்குக் கூடியது.

இப்படித்தான் நம் ஊரில் முக்கால்வாசி கார்கள் தவறிப்போயின. ஏலத்தில் யாரோ ஒருவர் கூடுதலாகக் கேட்டதால் தவறிய கதைகள் பணக்கார நாடுகளில் இருக்கலாம். இங்கே கல்யாணம் வந்தது, ஆஸ்பத்திரிச் செலவு வந்தது, வீட்டுக் கூரை ஒழுகியது. வண்டி பின்னுக்குப் போனது.

செட்டிநாட்டில் ஒரு மோரிஸ் மைனர் தவறியது வேறு காரணத்தால். நண்பர் ஒருவரோடு ஒரு வீட்டுக்குக் கதவு, தூண் விலைபேசப் போயிருந்தேன். பின்கட்டைத் தாண்டி ஒரு கொட்டகை. தென்னங்கீற்றையும் பழைய அண்டா குண்டான்களையும் ஒதுக்கினால் உள்ளே அது நிற்கிறது. முன் கண்ணாடி நடுவில் பிரிந்த பழைய மாடல். இண்டிகேட்டர் விளக்கு கிடையாது. கதவுக்குப் பின்னால் தூணுக்குள்ளிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளும், அதுதான் திரும்புவதற்கான சைகை. பானெட்டின் நடுவே மேலிருந்து கீழாகத் தட்டையான ஒரு பட்டை ஓடும். இதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், 1948-ல் வண்டி வெளிவருவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, அகலம் போதவில்லை என்று மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து நாலு அங்குலம் விலக்கிப் பார்த்தார். அந்த நாலு அங்குலத்தை நிரப்பியதுதான் அந்தப் பட்டை. நான் தூசியைத் துடைத்து விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு மனிதன் கடைசி நேரத்தில்கூட மனசு ஒப்பாமல் அறுத்துப் பார்த்த இடம் அது. உலோகத்தில் அந்த முடிவு அப்படியே இருக்கிறது.

வண்டியைக் கொடுக்க வீட்டாருக்குச் சம்மதம். ஆனால் ஆர்.சி. புத்தகம் தாத்தா பேரில் இருந்தது. தாத்தா போய்ப் பல வருஷம். வாரிசுகள் காரைக்குடியில் பாதி, சென்னையில் கொஞ்சம், மலேசியாவில் மீதி. எல்லோரும் கையெழுத்துப் போட்டு வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பேர் மாற்றி, அதற்கப்புறம் எனக்கு மாற்ற வேண்டும். வீட்டு ஆச்சி பொறுமையாக உட்கார்ந்து யார் யாருக்கு எழுத வேண்டும் என்று எனக்குச் சொன்னார். நானும் எழுதினேன். சிலர் பதில் போட்டார்கள். பெரிய வீட்டின் பங்குக் கணக்கே தீராதபோது கொட்டகையில் இருக்கிற காருக்குத் தனியாக யார் கையெழுத்துப் போடுவார்கள்? கடைசியில் வீட்டையே பிரித்தபோது இரும்பும் மரமும் எடைக்குப் போயின. காயலான் கடைக்கு ஆர்.சி. புத்தகம் தேவையில்லை. ஓட்ட ஆசைப்பட்டவனுக்கு அத்தனை கையெழுத்து வேண்டியிருந்தது. உடைக்க வந்தவனுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. தமிழ்நாட்டில் பூட்டிய ஷெட்டுகளில் மக்கிக்கொண்டிருக்கும் பழைய கார்களில் ஏராளமானவற்றுக்கு இதுதான் கதி.

காயலான் கடை என்றதும் புதுப்பேட்டை ஞாபகம் வந்துவிடுகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் ஞாயிற்றுக்கிழமைகள் அங்கேதான். கூவத்தின் ஓரமாக வரிசையாக இரும்புக் கடைகள்; ஒரு கடையில் கதவு மட்டும், ஒரு கடையில் ஆக்சில் மட்டும், ஒரு கடையில் ஹெட்லைட் வளையங்கள் மாலையாகத் தொங்கும். அங்கேதான் பாயைச் சந்தித்தேன். பேர் சொல்லி யாரும் கூப்பிடமாட்டார்கள், எல்லோருக்கும் அவர் பாய்தான். பக்கத்துச் சந்தில் பட்டறை வைத்திருந்தார். ஹெரால்டு என்றால் மெட்ராஸ் பூராவிலிருந்தும் அவரிடம் வருவார்கள்.

ஹெரால்டின் பானெட் தனி ரகம். இரு பக்கமும் வெளியிலேயே இருக்கும் கொக்கிகளை விடுவித்துப் பின்பக்கத்திலிருந்து தூக்கினால், மட்கார்டு, ஹெட்லைட் உட்பட வண்டியின் முகம் மொத்தமும் முன்னால் கவிழ்ந்து நிற்கும். எஞ்சின் நாலு பக்கமும் வெளியே. பாய் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை செய்வார். குனிந்து முதுகு நோகிற வேலையே இல்லை.

அந்த பானெட்டைத் திரும்ப மாட்டுவதில்தான் அவருடைய கைத்திறன். மூடினால் கதவுக்கும் பானெட்டுக்கும் நடுவே இடுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் காற்றில் உதறும், கொஞ்சம் குறைந்தாலும் கதவு திறக்கும்போது உரசிப் பெயின்ட் போகும். பாய் பானெட்டை மெதுவாக இறக்கி, இடுக்கில் நாலணாக் காசை மேலேயிருந்து கீழே வரை ஓட்டிப் பார்ப்பார். எங்கே காசு பிடிக்கிறதோ அங்கே நின்றுவிடுவார். முன்னால் போய்க் கீல் நட்டைத் தளர்த்தி ஒரு தட்டு. மறுபடி காசு. சட்டத்தில் பாடி உட்காருகிற இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டி ஒரு மடிப்பு வைப்பார். மறுபடி காசு. நான் அவசரப்பட்டு ஸ்பேனரைப் போட்டால் சொல்வார்: "தம்பி, முழுசா டைட் பண்ணாத. கதவ சாத்திப் பாரு. வண்டிய தெருமுனை வரைக்கும் ஓட்டிட்டு வா. அப்பால டைட் பண்ணு." பள்ளத்தில் ஏறி இறங்கினால் பாடி தன் இடத்தைத் தானே தேடி உட்காரும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு தவறி நான் பார்த்ததில்லை.

ஹெரால்டு இப்படித் துண்டு துண்டாகப் பிரிவதற்கு ஒரு வரலாறு உண்டு. ஐம்பதுகளில் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் அடித்துத்தர ஆள் இல்லை. அதனால் தனிச் சட்டம் ஒன்றைச் செய்து, பாடியை வெவ்வேறு இடங்களில் பகுதி பகுதியாக அடித்து வாங்கி, போல்ட் போட்டு மேலே பூட்டினார்கள். மற்ற கம்பெனிகள் சட்டத்தையே ஒழித்துக்கொண்டிருந்த காலத்தில் இது பழைய முறை. ஆனால் அந்தப் பழைய முறைதான் வண்டியைப் பெட்டியில் போட்டுக் கப்பலேற்றவும், பெருங்களத்தூரில் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் நாமே செய்யவும் வசதியாக இருந்தது. அதுவேதான் பின்னால் பாய்க்கும் வசதியானது. ஒரு வண்டியின் வலது கதவும் இன்னொன்றின் டிக்கியும் மூன்றாவதின் பானெட்டும் ஒரே வண்டியில் பொருந்தும்.

டாக்டரின் இளநீல வண்டி என்ன ஆனது என்று நான் விசாரிக்காத ஆளில்லை. கை மாறி மாறி அடையாறு பக்கம் இருந்ததாகத் தெரிந்தது. நான் போனபோது அந்த வீட்டில் இல்லை. புதுப்பேட்டையில் பிரித்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். பாயிடம் வந்து சொன்னேன். அவர் அனுதாபம் ஒன்றும் சொல்லவில்லை. "நல்ல ரெண்டு டோர் வண்டி வந்தா நாலு வண்டி பொழைக்கும் தம்பி" என்றார். அன்றைக்கு அந்த வார்த்தை எனக்குக் கசந்தது. அதை ஏற்றுக்கொள்ள வருஷங்கள் ஆயின.

இரண்டு கதவு ஹெரால்டுகள் பிரிக்கப்பட்டதற்குச் சோழவரமும் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. வெயிலில் கான்கிரீட் தகிக்கும், ஆயிரக்கணக்கில் கூட்டம். கோண்டல் மகாராஜா வெளிநாட்டு வண்டிகளைக் கொண்டுவருவார், விஜய் மல்லையா ஒரு ஃபார்முலா ஒன் காரையே ஓட்டினார். என் கண் மட்டும் உள்ளூர்ப் பட்டறைகளில் பிரித்துப் பந்தயத்துக்குக் கூர்தீட்டிய ஹெரால்டுகள்மேல், ஃபியட்கள்மேல், பிறகு பெங்களூரிலிருந்து வந்த சிபானி டால்ஃபின்மேல். டால்ஃபின் ஃபைபர் கிளாஸ் பாடி, 848 சி.சி., எடையே இல்லாத வண்டி. சாலையில் அதை வாங்க ஆள் குறைவு, சோழவரத்தில் அது பறக்கும். ஹெரால்டுக்கு வளைவில் ஒரு கெட்ட குணம் இருந்தது. பின்சக்கரங்கள் தனித்தனி அரை ஆக்சிலில் ஊசலாடும். வேகமாக வளைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். தெரிந்தவர்கள் வளைவு முடிகிற வரை காலை எடுக்கமாட்டார்கள்.

அந்தக் குணத்தை நம் ஊர் மெக்கானிக்குகளும் வண்டிக்காரர்களும் விரும்பவில்லை. அதனால் எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த கஸெல் மாடலில் பின்னால் முழு ஆக்சிலையே போட்டார்கள். அதற்கு முன்பே, அறுபதுகளின் பிற்பகுதியில், நாலு கதவு ஹெரால்டையும் செய்துவிட்டார்கள். ஹெரால்டு பிறந்த இங்கிலாந்திலேயே நாலு கதவு ஹெரால்டு கிடையாது. பாட்டி ஏற வேண்டும், பிள்ளைகள் ஏற வேண்டும், ஊருக்குப் போகிற மூட்டை ஏற வேண்டும் என்று நம் குடும்பங்களுக்காக இங்கே யோசித்து இங்கேயே வெட்டி ஒட்டிய வண்டி அது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒன்றைத் தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷனில் செய்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு எந்தப் பாடப் புத்தகமும் சொல்லவில்லை.

1973-ல் பெட்ரோல் விலை ஏறியது, கார் வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். எழுபதுகள் முடிவதற்குள் கஸெலும் நின்றது. 1985-ல் கம்பெனி திரும்ப எழுந்தது. ஐரோப்பாவில் பரிசு வாங்கிய ரோவர் எஸ்.டி.1-ன் அச்சுகளைக் கொண்டுவந்து ஸ்டாண்டர்டு 2000 என்று வெளியிட்டார்கள். மவுண்ட் ரோட்டில் அதை முதன்முதலில் பார்த்த அன்று நான் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன். அப்படி ஒரு நீளம், அப்படி ஒரு சாய்வு. இரண்டு லட்சத்துக்கும் மேல் விலை. கனவில்தான் வாங்க முடியும். ஆனால் பானெட்டுக்குள்ளே இருந்தது பழைய வேன்கார்டு காலத்து எஞ்சினின் வழிவந்த 1991 சி.சி. நாலு சிலிண்டர். உருவத்துக்கு ஏற்ற உயிர் இல்லை, பெட்ரோலையும் நிறையக் குடித்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பே மாருதி 800 வந்துவிட்டிருந்தது. 1988-ல் பெருங்களத்தூர் கதவு மூடியது. எங்கள் தெருவில் எத்தனையோ வீடுகளில் அந்த வருஷ தீபாவளி தீபாவளியாக இல்லை. வேறு எந்தக் கார் போனதையும்விட இது எனக்கு அதிகம் வலித்தது. கார் செய்யத் தெரிந்த கைகள் அரிசிக் கடைக்கும் வாட்ச்மேன் வேலைக்கும் போனதைக் கண்ணால் பார்த்தேன்.

போர் முடிந்த பிறகு யாழ்ப்பாணம் போனபோது அந்தக் கைகளை மீண்டும் நினைத்தேன். அங்கே ஆஸ்டின் ஏ-40, ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மோரிஸ் மைனர் எல்லாம் காட்சிக்கு நிற்கவில்லை, வேலை செய்துகொண்டிருந்தன. ஸ்ரீ எழுத்து போட்ட பழைய எண்பலகைகளோடு கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் ஆள் ஏற்றிப் போயின. இலங்கையில் அறுபதுகள் தொட்டு 1977 வரை கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. இருந்த வண்டியைக் காப்பாற்றியே ஆக வேண்டும். அதன்மேல் போர் வந்தது. என்னை ஏற்றிச் சென்ற ஏ-40 காரர் சொன்னார்: "இது அப்பான்ர கார், ஐயா. பொருளாதாரத் தடை நேரம் முழுக்க மண்ணெண்ணெயிலதான் ஓடினது." கொஞ்சம் பெட்ரோலைக் கார்புரேட்டரில் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. புதிய எஞ்சின்களில் அழுத்தம் அதிகம் என்பதால் மண்ணெண்ணெய்க்குத் தட்டல் எடுத்துவிடும். இந்தப் பழைய ஆஸ்டின் அழுத்தம் குறைந்தது, தாங்கிக்கொண்டது. ஆனால் மண்ணெண்ணெய் எஞ்சின் ஆயிலைக் கழுவிக் கெடுக்கும், ரிங் தேயும். திரும்பத் திரும்பப் பிரித்து மாட்ட வேண்டும். அங்கே கராஜ் வைத்திருந்தவர்கள் ஸ்பேர் வராத காலத்தில் லேத்தில் கடைந்தே எல்லாவற்றையும் செய்தார்கள். அந்தக் காரின் பானெட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே அசலாக இருந்தது எது, கடைந்து போட்டது எது என்று அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பாதிக்கு மேல் கடைந்தது. அந்த ஆஸ்டினை யாரும் கலப்பு வண்டி என்று சொல்லக் கூடாது. அது முழு ஆஸ்டின்.

பாய் சொன்ன வார்த்தை எனக்கு அங்கேதான் இனித்தது.

இப்போது என்னிடம் நாலு கதவு ஹெரால்டு ஒன்று இருக்கிறது. அதன் கியர்பாக்ஸ் சேலத்தில் பிரித்த ஒரு வண்டியினுடையது. ஒரு கதவு கஸெலிலிருந்து வந்தது. பானெட் புதுப்பேட்டையில் எடுத்தது. பெயின்டைச் சுரண்டியபோது அடியில் ஒரு பழைய நீலம் இருந்தது. அது டாக்டரின் வண்டி என்று நான் சொல்லவில்லை. நீல ஹெரால்டுகள் எத்தனையோ ஓடின. ஆனால் ஒன்று நிச்சயம்: இன்றைக்கு ஓடுகிற ஒவ்வொரு ஹெரால்டுக்குள்ளும் ஓடாமல் போன சில ஹெரால்டுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நான் தவறவிட்ட வண்டிகளுக்காக வருந்துவதை அன்றிலிருந்து குறைத்துக்கொண்டேன். எங்கோ ஒரு பழைய வண்டி எதிரே வந்தால், யார் யாருடைய ஆசையெல்லாம் அதில் பூட்டியிருக்கிறதோ என்று மரியாதையோடு பார்க்கிறேன்.

எனக்கு இப்போது இருக்கிற கவலை வேறு. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டிகளை வின்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம், எண்ணிலேயே வி.ஏ. என்று வரும். 1975-ல் செய்த கஸெல்கூட 2025-ல் அந்த வரிசைக்கு வந்துவிட்டது. நல்ல விஷயம். கோவை அவிநாசி சாலையில் ஜீடி கார் மியூசியம், வடபழனியில் ஏவி.எம். மியூசியம் என்று பார்க்கவும் இடங்கள் வந்துவிட்டன. வண்டிகளுக்குச் சட்டமும் கூரையும் கிடைத்துவிட்டன. அவற்றை ஓட வைக்கிற கைகளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. 2000-க்குப் பிறகு ஈயம் இல்லாத பெட்ரோல் மட்டும்தான் என்றானபோது பழைய எஞ்சின்களில் வால்வு உட்காரும் இடம் தேய ஆரம்பித்தது. கெட்டியான இரும்பு வளையத்தைக் கடைந்து அங்கே இறக்கினால் சரியாகிவிடும் என்று சொல்லி, செய்தும் காட்டியவர்கள் சந்துக்குள் இருந்த லேத்காரர்கள்தான். அவர்கள் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பாய் போய்ப் பல வருஷமாகிறது. அவர் வைத்த டியூப் மடிப்பின் கனம் என்ன, எந்த மூலையில் எத்தனை மடிப்பு என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஹெரால்டு வைத்திருக்கிற இளைஞர்கள் கேட்டால் நகல் எடுத்துக் கொடுக்கிறேன்.

வீட்டில் தாத்தா கார் பூட்டிக் கிடக்கிறது என்று என்னிடம் சொல்கிறவர்களிடம் நான் இரண்டு காரியம் சொல்கிறேன். ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, கையெழுத்துப் போட வேண்டியவர்கள் உயிரோடு இருக்கும்போதே உங்கள் பேருக்கு மாற்றுங்கள். தாத்தா காலத்தில் அந்த வண்டியைப் பார்த்த மெக்கானிக் எங்கே இருக்கிறார் என்று தேடுங்கள். இருந்தால் அவரைக் கூட்டிவந்து வண்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றையும் நிறுத்துங்கள். பெயின்ட், பாலிஷ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு ஆள் என்றைக்கும் கிடைப்பார்கள்.